அடங்காத முடியும் அவசரக் காலையும்: குமரி மாவட்டத் தாய்மார்களுக்கு ஒரு தலைவாரும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் சுருட்டை முடியோ தடித்த முடியோ உள்ள பெண்ணுக்கு, அது சொன்னபடி கேட்கும் மாதங்கள் ஆண்டில் மிகக் குறைவு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, இடைப்பட்ட நாட்களில் கடற்காற்று என்று இங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது. முடி அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முடியின் உள்ளே புரதச் சங்கிலிகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டதும் அவிழ்ந்து வேறு விதமாகக் கட்டிக்கொள்வதால், வீட்டில் படிய வாரிய தலை, வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்குவதற்குள் சிலும்பி நிற்கிறது. இதில் வாரியவரின் கைக்குற்றம் எதுவும் இல்லை; வறண்ட சீப்பால் மேலும் மேலும் வாரினால் சிலும்பல் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே, காலையில் சீப்பையே எடுக்காமல் கையால் முடித்துவிடக்கூடிய கட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, சீப்பு வேலை முழுவதையும் தலை குளிக்கும் நாளுக்கும் முந்தைய இரவுக்கும் தள்ளிவிடுவதே இங்கு விளக்கப்படும் முறை.

எந்தக் கட்டு என்பதை அவரவர் காலைப் பொழுது தீர்மானிக்கட்டும். பிள்ளைகளுக்கு மதியச் சோறு கட்டிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்கும் ஆசிரியையின் தேவை ஒன்று. குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பி ரப்பர் ஷீட் அடிக்கும் பெண்ணின் தேவை வேறொன்று. ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு உச்சியில் கொண்டை ஆகாது. இடுப்பில் கைக்குழந்தை இருப்பவருக்கு, குழந்தையின் கைக்கு எட்டும்படி தொங்கும் சடை ஆகாது. கண்ணாடியில் அழகாகத் தெரிவதை விட, மாலை வரை அவிழ்த்துக் கட்டாமல் நிற்பதே நல்ல கட்டுக்கு அடையாளம் என்பது என் கருத்து.

முடியை அறிதல்

தன் முடி எந்த வகையில் முரண்டு பிடிக்கிறது என்று தெரியாமலேயே பல ஆண்டுகளாக எண்ணெயையும் ஷாம்பூவையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். ஒரு விடுமுறை நாளில் தலை குளித்துவிட்டு, எண்ணெய் தேய்க்காமலும் சீப்பு போடாமலும் முடியைத் தானாகக் காயவிட்டுப் பாருங்கள். வளைந்து சுருண்டு தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்தால் அது சுருட்டை. அதைப் பின்னியே வளர்த்ததால் வெறும் பரட்டை என்று நினைத்திருப்போம். நேராகவே இருந்தாலும் கைப்பிடிக்குள் அடங்காமல் பம்மென்று நின்றால் அடர்த்தியும் தடிமனுமே சிக்கல். எந்தக் கிளிப்பும் நிற்காமல் நழுவி விழுந்தால் முடி மெல்லியது. அதற்கு எண்ணெயைக் கூட்டுவது நழுவலைத்தான் கூட்டும்.

சுருட்டை முடியின் வறட்சிக்கு ஒரு காரணம் உண்டு. உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நேர்முடியில் எளிதாக நுனிவரை இறங்கிவிடும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் தடைப்படும். அதனால் வேர்ப்பக்கம் பிசுக்காகவும் நுனிப்பக்கம் வைக்கோலாகவும் ஒரே தலையில் இரண்டு நிலைமை இருக்கும். இத்தகைய தலையில் எண்ணெயை உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பதில் பயன் குறைவு. காதுக்குக் கீழே உள்ள பகுதிக்குத்தான் எண்ணெய் தேவை.

பிள்ளை பெற்ற பின் வரும் முடி உதிர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும்போது ஹார்மோன் மிகுதியால் உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் தங்கிவிடுகின்றன. பேறு முடிந்து இரண்டு முதல் நான்கு மாதங்களில் அவை சேர்ந்து உதிரத் தொடங்குகின்றன. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் பழைய நிலை திரும்பிவிடும். பால் கொடுப்பதால் முடி கொட்டுகிறது என்று சொல்லிப் பாலை நிறுத்தச் சொல்லும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், ஓராண்டு கடந்தும் உதிர்வு நிற்காவிட்டாலும், தலையில் புண்ணோ கடும் அரிப்போ இருந்தாலும், எண்ணெய்க் கடையை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரத்தச்சோகையும் தைராய்டு கோளாறும் முடி உதிர்வாகவே முதலில் கண்ணில் படுவதுண்டு. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் வீண் செலவு மிச்சமாகும்.

பிள்ளை பெற்ற பின் வரும் இந்த மாதங்களில் முடியைக் கட்டி வைப்பதற்கு அழகைத் தாண்டிய காரணமும் ஒன்று இருக்கிறது. உதிரும் நீளமுடி ஒன்று குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் இறுகி, இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து. காரணமில்லாமல் குழந்தை வீறிட்டு அழுதால், கால் உறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. விரல் வீங்கிச் சிவந்திருந்து முடியை எடுக்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தலை குளிக்கும் நாள்

அடங்காத முடிக்குத் தலை குளிக்கும் நாளே வேலை நாள். அன்று அரை மணி நேரம் செலவிட்டால் அடுத்த மூன்று, நான்கு காலைகள் மிச்சமாகும். வாரம் இருமுறை போதும். தினமும் தலை குளிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் பலருக்கு உண்டு என்றாலும், சுருட்டை முடிக்கு அது வறட்சியையும் சிக்கையும்தான் தரும். வேர்வை தாங்க முடியாதவர்கள் இடைப்பட்ட நாட்களில் பிடரிக்குக் கீழே மட்டும் குளித்துவிட்டு, ஈரத் துணியால் உச்சியைத் துடைத்துக்கொள்ளலாம்.

குளிப்பதற்கு அரை மணிக்கு முன்பு தேங்காய் எண்ணெயை நீளவாக்கில், முக்கியமாகக் காதுக்குக் கீழே தடவுங்கள். இது பாட்டிமார் சொன்னதற்காக மட்டும் செய்வதன்று. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவுவதால், குளிக்கும்போது முடி நீரை அளவுக்கு மீறிக் குடித்து உப்புவது குறைகிறது. ஆகவே எண்ணெய் குளிக்கும் முன் வேலை செய்கிறது. குளித்த பின் வழிய வழியத் தேய்த்தால் தூசி ஒட்டுவதும் தலையணை நாறுவதும்தான் மிச்சம்.

சிக்கெடுப்பது எப்போது என்பதில் முடிக்கு முடி முறை மாறும். நேர்முடி நனைந்தால் இழுபட்டு அறுந்துவிடும் என்பதால், அதைக் குளிக்கும் முன் உலர்ந்த நிலையிலேயே வாரிவிட்டு, குளித்த பின் ஓரளவு காய்ந்ததும் மீண்டும் வாரலாம். சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் வாரவே கூடாது. கண்டிஷனரோ செம்பருத்தித் தாளியோ (இலையைக் கசக்கிய சாறு) தடவி வழுவழுப்பாக இருக்கும்போது, குளியலறையிலேயே, அகலப் பல் உள்ள சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஏறி வர வேண்டும். பிடரியில் சிறு நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு எப்போதும் இருக்கும். புடவை முந்தானையும் சுடிதார்க் கழுத்தும் உரசும் இடம் அது. அதைச் சீப்பால் இழுக்காமல், இடக்கையால் முடிச்சுக்கு மேலே இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் முடிச்சை இரு பக்கமும் பஞ்சு பிரிப்பதைப் போலப் பிரித்து, ஒவ்வோர் இழையாக உருவி விட்டால் அறுபடாமல் வந்துவிடும். மேலே பிடித்திருப்பதால் வலியும் தெரியாது. இந்த ஒரு பிடி, பெண் குழந்தைகளின் தலைக்கும் உதவும்.

செம்பருத்தித் தாளி நம் வீட்டு வேலியிலேயே கிடைக்கும் கண்டிஷனர். இலைகளைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் பிசின் போன்ற சாறு இறங்கும். அந்த வழுவழுப்பே சிக்கைப் பிரிக்கிறது. ஒரே ஒரு கட்டாயம், அதை மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். மிக்சியில் அரைத்து அப்படியே தேய்த்தால், இலைத்துணுக்குகள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வரை ஒவ்வொன்றாக உதிரும். அலுவலகத்தில் தோளைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கஞ்சித் தண்ணீர் பலருக்குப் பிடித்தமானது; மாவுச் சத்து படிவதால் மெல்லிய முடிக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும், தடித்த சுருட்டைக்கு அது விறைப்பையே தரும்.

கடலோரக் கிராமங்களில் கிணற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பாக இருக்கும் வீடுகளில், எந்த ஷாம்பூ போட்டாலும் முடி பிசுபிசுத்துச் சொரசொரப்பாக இருப்பதாகக் குறைப்படுவார்கள். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ இரண்டு செம்பு எடுத்துக்கொண்டால் போதும். வித்தியாசம் அன்றே கையில் தெரியும்.

துவட்டுவதற்குத் தடித்த துவாலையை விட, பழைய பருத்தித் துண்டோ நைந்த டி-சட்டையோ மேல். முடியை முறுக்கிப் பிழியாமல், துணிக்குள் வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு ஐந்தாறு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி, ஈர முடியின் கீழ்ப்பாதியில் தடவிவிட்டுக் காயும் வரை கை வைக்காமல் இருந்தால் சுருள்கள் தாமே ஒன்றுசேரும். காய்வதற்குள் பத்து முறை கோதிவிடுகிறவர்களுக்கே சிலும்பல் அதிகம்.

இரவில் செய்ய வேண்டியது

படுக்கும் முன் விரலால் மட்டும் கோதி, தளர்வாக ஒரு சடை பின்னி, நுனியைத் துணி சுற்றிய பேண்டால் கட்டிவிடுங்கள். வெறும் ரப்பர் பேண்ட் வேண்டாம். அதை உருவும்போது அறுபடும் முடிகளே பிற்பாடு நெற்றியைச் சுற்றிக் குட்டையாகக் குத்திக்கொண்டு நிற்கின்றன. பருத்தித் தலையணை உறை முடியின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி உரசவும் செய்யும் என்பதால், நைந்துபோன பழைய சில்க் சேலையில் ஓர் உறை தைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் சாட்டின் உறையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மழைக்காலத்தில் மாலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கட்டிப் படுப்பவர்கள் உண்டு. ஈரம் இரவு முழுக்க உள்ளேயே நின்றால் நாற்றமும் பொடுகும் வரும். ஈர முடி இறுக்கத்தில் எளிதாக அறுந்தும் போகும். மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தால் முக்கால் ஈரம் போய்விடும். மீதிக்கு முடியை அவிழ்த்துத் தலையணைக்கு மேலே எறிந்துவிட்டுப் படுக்கலாம்.

காலைக்கு ஏற்ற கட்டுகள்

இரவுச் சடையை அவிழ்க்காமலேயே காலையில் கொண்டையாக்குவதே நான் எல்லாருக்கும் முதலில் சொல்லும் கட்டு. தோளுக்குக் கீழே நீளமுள்ள எந்த முடிக்கும் இது பொருந்தும். சுருட்டைக்கும் தடித்த முடிக்கும் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அவற்றின் சொரசொரப்பே பிடிமானம். உள்ளங்கையை நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்து, நெற்றியிலிருந்து காது வரை மேலாக மட்டும் தடவிப் படியவையுங்கள். சடையைப் பிடரியில், மயிர்க்கோட்டுக்கு இரண்டு விரல் மேலே, தட்டையாகச் சுற்றி நுனியை அடியில் செருகுங்கள். அதன் பின் கொண்டை ஊசி. பலருக்கும் ஊசி நிற்காமல் விழுவதற்குக் காரணம், அதை வெளியிலிருந்து நேராக உள்ளே குத்துவதுதான். ஊசியின் கூர்முனைகள் கொண்டைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்து, கொண்டையின் விளிம்பில் சிறிது முடியைக் கொத்தி எடுத்து, அங்கேயே ஊசியைப் புரட்டி, கொண்டையின் நடுவை நோக்கித் தலையோடு ஒட்டியபடி தள்ள வேண்டும். மேலும் கீழும் இரு பக்கமுமாக நான்கு ஊசி போதும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஊசி தலையைக் குத்தினால் கோணத்தை மாற்ற வேண்டும், கொண்டை ஆடினால் ஊசி விளிம்பைப் பிடிக்கவில்லை என்று பொருள். கை பழகிவிட்டால் தோசைக்கல்லில் ஒரு தோசை வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கொண்டை ஹெல்மெட்டுக்கும் சரிவரும், பிடரிக்கு நன்றாகத் தாழ்த்தி வைத்தால். உச்சியில் வைத்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராமல் மேலே தூக்கி நிற்கும். அப்படி அணிந்த ஹெல்மெட் விழும்போது காப்பாற்றாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்றில் தினமும் போய் வருபவர்களுக்கும் தாழ்ந்த கொண்டையே நல்லது. அங்கே விரித்த முடிக்கும் குதிரைவாலுக்கும் பத்து நிமிட ஆயுள்தான்.

சடை பின்னப் பொறுமை இல்லாதவர்களுக்கு முறுக்குச் சடை. முடியை இரண்டாகப் பிரித்து, இரண்டு புரிகளையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டு, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இரு திசைகளும் எதிரெதிராக இருப்பதால்தான் கட்டு அவிழாது. ஒரே திசையில் முறுக்கிச் சுற்றினால் கையை எடுத்ததும் பிரிந்துவிடும். மூன்று புரிப் பின்னலில் சுருட்டை முடியின் குட்டை இழைகள் இடையிடையே வெளியே துருத்தும். முறுக்கில் அவை உள்ளே அடங்கும். அப்படியே தொங்கவிடலாம், சுற்றிக் கொண்டையாகவும் வைக்கலாம்.

காலையில் தலை குளித்தே தீர வேண்டிய நாட்கள் வரும். அன்றைக்குப் பக்கத்துக் கேரளத்தில் குளிப்பின்னல் என்று சொல்லும் கட்டுக்கு ஈடு இல்லை. இரு காதுகளுக்கும் மேலிருந்து விரல் தடிமனுக்கு முடி எடுத்துப் பின்னால் கொண்டுவந்து, சிறு பின்னலாக நாலைந்து சுற்றுப் பின்னி விட்டுவிடுங்கள். மீதி முடி அதன் அடியில் விரிந்து காயும். முகத்தில் முடி விழாது, வேர்ப்பக்கம் மூச்சு விடும், பார்ப்பதற்கும் ஒழுங்காக இருக்கும். வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து முடி காய்ந்ததும், அதையே சுருட்டி ஒரு கிளட்ச் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அடுப்படியிலும் இரு சக்கர வண்டியிலும் விரித்த முடி வேண்டாம்.

இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர்களுக்கு, தொங்கும் எதுவும் கூடாது. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், மாவு மில் பெல்ட், வீட்டுக் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குனிந்து வேலை செய்யும்போது சடை தோளைத் தாண்டி முன்னே விழுவதை நாம் கவனிப்பதே இல்லை. அவர்கள் சடைக் கொண்டையைப் போட்டு அதன் மேல் ஒரு பருத்தித் துண்டைக் கட்டிக்கொள்வதே முறை; அதனால் ரப்பர்ப் பால் முடியில் தெறித்து ஒட்டுவதும் தவிர்க்கப்படும்.

கிளட்ச் என்பது குட்டை முடிக்கும் நடுத்தர நீளத்துக்கும் உரியது. தடித்த முடிக்குப் பெரிய கிளட்ச் வாங்கினால் மட்டும் போதாது. பற்கள் நீளமாகவும் உள்பக்கம் வளைந்தும் இருக்க வேண்டும். முடியைப் பிடரியில் சேர்த்து மேல்நோக்கி முறுக்கித் தலையோடு ஒட்டி வைத்து, முறுக்கையும் அதன் அடியில் உள்ள தலைமுடியையும் சேர்த்துப் பிடிக்கும்படி மாட்டினால் நழுவாது. காரில் தலையைச் சாய்த்து உட்கார்பவர்களுக்கு இது உபத்திரவம்தான். நெற்றியிலிருந்தே சேர்த்துப் பின்னும் உச்சிப் பின்னல் மிக உறுதியானது. பின்னுவதற்குக் கை உயர்த்தியே இருக்க வேண்டும் என்பதால் அவசரக் காலைக்கு ஆகாது, திருமணத்துக்கோ பயணத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

பேறுகாலத்துக்குப் பின் நெற்றியோரம் முளைத்து நிற்கும் குட்டை முடிக்கு ஒட்டுப்பசை போன்ற ஜெல் வேண்டாம். ஈரக்கையால் படியவைத்து, மெல்லிய துணிப் பட்டை ஒன்றை நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுக்களை வேலையைப் பாருங்கள். புறப்படும்போது பட்டையை எடுத்தால் படிந்திருக்கும். வகிடு அகலமாகத் தெரிகிறதே என்று கவலைப்படுபவர்கள், ஒரே இடத்தில் கோடு கிழித்தது போல் எடுக்காமல், விரல் நுனியால் சற்று வளைத்தும் வாரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றியும் எடுக்க வேண்டும். தினமும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டினால் நாளடைவில் அங்கே வேர்க்கால்கள் நிலையாகவே கெட்டுப்போகக்கூடும். நெற்றியின் இரு ஓரமும் மேலேறிப்போன பல பெண்களுக்கு, பள்ளிக் காலத்திலிருந்தே இறுகக் கட்டிய சடைதான் காரணமாக இருந்திருக்கும். கட்டிய பின் புருவம் மேலே இழுபடுவது போலிருந்தால் அப்போதே தளர்த்திவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முக்காடு போடுபவர்களும், தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் தினமும் தலையை மூடி வெளியே செல்பவர்களும், உள்ளே தாழ்ந்த தளர்கொண்டை போட்டுக்கொண்டால் துணி வழுக்காது. இவர்களுக்கு முக்கியமான விதி ஒன்றே: ஈரத் தலையின் மேல் துணியைக் கட்டக் கூடாது. துணிக்கு அடியில் வழுவழுப்பான மெல்லிய தொப்பி ஒன்றை அணிந்தால் நெற்றியோர முடி உரசி உதிர்வதும் குறையும்.

பூ வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பிச்சியும் மல்லியும் இருக்கும் ஊரில், கலைந்த கொண்டையை மறைக்க அதை விட மலிவான வழி கிடையாது. சரத்தை வெறும் முடியில் ஸ்லைடால் மாட்டினால், அதன் கனம் மெல்லிய முடியை இழுத்துக்கொண்டு சரியும். கொண்டையின் அடிவட்டத்தைச் சுற்றிவிட்டு, இரு முனைகளையும் கொண்டை ஊசியால் கொண்டையோடு சேர்த்துக் குத்தினால் கனம் தலைமுடியில் இறங்காது.

வெட்டுவதும் நேராக்குவதும்

தோளைத் தொடும் அளவுக்கு வெட்டினால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் அதிகம். சுருட்டைக்கும் தடித்த முடிக்கும் அந்த நீளம்தான் ஆகத் தொல்லையானது. கட்டினால் அடங்காது, விட்டால் விரிந்து நிற்கும். மார்பளவு நீளம் எல்லாக் கட்டுக்கும் இடம் தரும். சுருட்டை காய்ந்ததும் மேலே ஏறிவிடும் என்பதால், ஈரத்தில் அளந்து வெட்டும் பார்லரில் நினைத்ததை விட இரண்டு விரலாவது நீளமாக வெட்டச் சொல்லுங்கள். அடர்த்தியைக் குறைக்கப் பல்கத்தரி போட வேண்டாம். அது நறுக்கும் குட்டை முடிகள் முளைத்து வரும்போது மேலும் பம்மென்று தூக்கும். முடி வெட்ட வீட்டில் பெரியவர்கள் ஒப்பவில்லையென்றால், நுனி வெடித்த ஓர் அங்குலத்தை மட்டும் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தாலே சிக்கு பாதியாகும்.

நேராக்கும் சிகிச்சைகளை நான் பரிந்துரைப்பதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்வதால், ஆறு மாதத்தில் வேரோரம் சுருட்டையும் கீழே நேர்முடியுமாக இரண்டு வகை முடியைச் சமாளிக்க வேண்டி வரும். அவை சேரும் இடத்தில்தான் அறுந்தும் போகும். சில வகைக் கலவைகள் சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளிவிடக்கூடியவை என்பதால், கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் அவற்றைத் தவிர்க்கவே வேண்டும். செய்துகொள்ள முடிவு செய்தவர்கள் பெட்டியில் அச்சிட்டுள்ள பொருள் பட்டியலைக் கேட்டு வாசித்துவிட்டு உட்காரட்டும்.

மகளின் தலை

அம்மாவின் முடி மகளுக்கும் வந்திருந்தால் காலையில் இரண்டு தலை. பள்ளிக்கு இரட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்ட வேண்டியிருப்பதால் பல வீடுகளில் இதுவே அழுகைக்குக் காரணம். இங்கேயும் வேலையை இரவுக்கு மாற்றலாம். வகிடு எடுத்து, சிக்கு நீக்கி, இரண்டு சடையும் தளர்வாக இரவே பின்னிவிட்டால், காலையில் முன்பக்கத்தை ஈரக்கையால் தடவி, நுனியை மடித்து ரிப்பன் கட்டுவது மட்டுமே மிச்சம். பேன் பார்ப்பதையும் தலை குளிக்கும் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்டிஷனர் தடவிய ஈர முடியில் பேன் சீப்பு அறுக்காமல் இறங்கும், பேனும் ஓடாது. மகளுக்குப் பேன் இருந்தால் அம்மாவும் அன்றே தன் தலையைப் பார்த்துவிட வேண்டும். சீப்பையும் பேண்டையும் ஆளுக்கொன்றாகத் தனியே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.